பித்தப்பை எடுத்தப்புறம் ஏன் தண்ணி தண்ணியா போகுது? பித்த அமிலம் குடல்ல என்னதான் பண்ணுது

கேள்வி என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். நர்சிங் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. அவங்க அம்மாவுக்கு போன வருஷம் கல்லுன்னு சொல்லி பித்தப்பையையே எடுத்துட்டாங்க. அதுலேர்ந்து காலைல கோப்பிக்கடைல ரெண்டு பிராட்டாவும் (பரோட்டாதான்) ஒரு டீயும் உள்ள போனா போதும், பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள வயிறு கலக்கிடுதாம், தண்ணியா போகுதாம். டாக்டர் இது பித்த அமிலத்தால வர்ற பேதின்னு சொல்லி கொலஸ்டிரமின் பொடி குடுத்திருக்கார், அம்மா அத காலைல தைராய்டு மாத்திரையோட சேர்த்தே குடிச்சிடறாங்களாம். தங்கச்சிக்கு சந்தேகம் என்னன்னா, பாடத்துல பித்தம்னா கொழுப்பக் கரைக்கறதுன்னுதானே படிச்சோம், அது எப்படி தண்ணி விஷயத்துல தலையிடுது, சிறுகுடல் தண்ணிய உறிஞ்சறத அது நிறுத்திடுதா?

நிறுத்தவும் முடியும்மா, ஆனா நல்லா இருக்கிற உடம்புல நிறுத்தறதில்ல. எந்த பித்த அமிலம், யாரோட சேர்ந்து வருது, எவ்ளோ வருது, குடல்ல எந்த இடத்துல நிக்குது, இந்த நாலையும் பாத்துத்தான் சொல்லணும். அதே சரக்கு சிறுகுடல்ல சமத்தா வேலை பாக்கும், பெருங்குடலுக்குள்ள போச்சுன்னா ரகளை பண்ணும். உங்க அம்மா விஷயத்துல ரகளை நடக்கறது பெரும்பாலும் பெருங்குடல்ல. அத கடைசில சொல்றேன், ஏன்னா சிறுகுடல் கணக்கு புரியாம அது புரியாது.

கணக்கு இதான். நாம ஒரு நாளைக்கு குடிக்கறது ஒரு 2 லிட்டர்னு வச்சுக்குங்க, நம்ம ஊரு வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். அது போக எச்சில் ஒன்றரை லிட்டர், இரைப்பை ஊத்தறது 2 லிட்டருக்கு மேல, பித்தம் அரை லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர், கணையம் ஒன்றரை, குடலே தன் பங்குக்கு ஒரு லிட்டர். எல்லாம் சேர்த்தா ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் சிறுகுடல் வழியா ஓடுது. அதுல 7 லிட்டர் போல சிறுகுடலே இழுத்துக்கும், மிச்சம் ஒன்றரை லிட்டர் அளவுக்கு பெருங்குடலுக்கு போகும், கடைசில மலத்தோட வெளிய போறது வெறும் 100, 200 மில்லி. அதாவது நம்ம உடம்பு ஊத்தறதுலயும் குடிக்கறதுலயும் நூத்துல ரெண்டு பங்குதான் நாம வெளிய விடறோம்.

இந்த தண்ணிய குடல் பம்பு வச்சு இழுக்கறது கிடையாது, தண்ணிக்குன்னு தனியா பம்பே இல்ல. உப்பு எங்க போகுதோ தண்ணி அதுக்குப் பின்னாடியே போகும், அவ்ளோதான். சோடியம் உள்ள போறதுக்கு குடல் செல்லுல கதவுகள் இருக்கு. ஒண்ணு குளுக்கோஸ் கூட கைகோத்து போற கதவு, ஒரு குளுக்கோஸுக்கு ரெண்டு சோடியம். இதை நம்பித்தான் பேதி வந்தா குடிக்கிற உப்புச்சக்கரை கரைசலே இருக்கு, 2002லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாக்கெட்டுல லிட்டருக்கு 75 மில்லிமோல் (மூலக்கூறு எண்ணிக்கைய அளக்கற அலகு) சோடியம், அதே 75 குளுக்கோஸ், சமமா வச்சிருப்பாங்க. நம்ம பாட்டிங்க கஞ்சில உப்பு போட்டுக் குடுத்ததும் கிட்டத்தட்ட இதே கதவத்தான் தட்டுது. இன்னொரு கதவு சோடியத்த உள்ள விட்டு ஹைட்ரஜன வெளிய விடறது, அதுக்கு என்எச்இ3ன்னு பேரு, பக்கத்துலயே குளோரைட உள்ள வாங்கி பைகார்பனேட்ட வெளிய விடற கதவு. இதுக்கு எதிர்ப்பக்கம் குளோரைட வெளிய தள்ளற ஒரு வாசல் இருக்கு, சிஎஃப்டிஆர். காலரா வந்தா அந்த வாசலத்தான் திறந்தே போட்டுடும். ஆக உறிஞ்சறதும் கக்கறதும் ஒரே நேரத்துல நடக்குது, நாம பாக்கறது ரெண்டுக்கும் நடுவுல உள்ள மிச்சத்தத்தான். இத நல்லா மனசுல வச்சுக்குங்க, பித்த அமிலம் இந்த ரெண்டு பக்கத்துலயும் கை வைக்கும்.

இப்ப பித்தத்துக்கு வருவோம். இங்க சிங்கப்பூர்ல தேக்கா மார்க்கெட்ல மீன் வெட்டறவர் கைய கவனிச்சிருக்கீங்களா, வயித்தக் கீறி குடல எடுக்கும்போது அந்த பச்சை உருண்டைய மட்டும் தொடாம, அலுங்காம தனியா எடுத்துப் போடுவார். அது உடைஞ்சா மீனே கசந்துடும், எவ்ளோ கழுவினாலும் போகாது. அதுக்குக் காரணம் பித்த அமிலங்களோட உப்புதான், சோப்பு மாதிரி எங்க பட்டாலும் ஒட்டிக்கும். கல்லீரல் இத கொலஸ்ட்ராலேர்ந்து செய்யுது. முதல்ல செய்யறது ரெண்டு, கோலிக் அமிலம், கீனோடீஆக்ஸிகோலிக் அமிலம். கோலிக்க குடல்ல உள்ள பாக்டீரியா வெட்டி டீஆக்ஸிகோலிக் ஆக்கும். மனுஷனோட பித்தத்துல தோராயமா 40 சதவீதம் கோலிக், 40 கீனோ, 20 டீஆக்ஸி. வித்தியாசம் என்னன்னா, கோலிக்குல மூணு ஓஎச், அதாவது ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கொத்து, தொங்கும், மத்த ரெண்டுலயும் ரெண்டு ஓஎச். தண்ணி விஷயத்துல தொந்தரவு குடுக்கறது இந்த ரெண்டு ஓஎச் கோஷ்டிதான், மூணு உள்ள கோலிக் ஓரளவுக்கு சாது.

இப்ப உங்களுக்கே கேள்வி வரணும். பித்தத்துல பாதிக்கு மேல அந்த ரெண்டு ஓஎச் ஆளுங்கன்னா, சாப்பிடற ஒவ்வொரு வேளையும் நமக்கு பேதி ஆகணுமே, ஏன் ஆகல?

ஏன்னா அது தனியா வர்றதில்ல. கல்லீரல் அனுப்பறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணு மேலயும் கிளைசின் இல்லன்னா டாரின்னு ஒரு சின்ன மூலக்கூற கோத்துத்தான் அனுப்பும், கிளைசின் மூணு பங்கு டாரின் ஒரு பங்கு மாதிரி. அப்படி கோத்தது மின்னேற்றத்தோட இருக்கும், செல்லோட கொழுப்புச் சுவர் வழியா சுலபமா உள்ள நுழையாது. அதுக்கும் மேல பித்தத்துல லெசிதின்னு ஒரு கொழுப்பு வகை இருக்கு, சாப்பாட்டுல வந்த கொழுப்பு இருக்கு, எல்லாம் ஒண்ணா சேர்ந்து மைசெல்னு சின்னச் சின்ன உருண்டையா உருண்டுக்கும். உருண்டைக்குள்ள மாட்டின பித்த அமிலத்துக்கு சுவர சுரண்ட நேரம் இல்ல, தனியாத் திரியற மூலக்கூறு கம்மி ஆயிடும். லெசிதின் இல்லாத பித்தம் எவ்ளோ மோசம்னு பாக்கணும்னா, லெசிதின பித்தத்துக்குள்ள அனுப்பற புரதம் பிறவியிலேயே பழுதான குழந்தைகளைப் பாருங்க, அவங்களோட சொந்தப் பித்தமே பித்தக்குழாயோட சுவர அரிச்சு கல்லீரலக் கெடுத்துடும். சாப்பாட்டு நேரத்துல சிறுகுடலோட மேல்பகுதில பித்த அமிலம் லிட்டருக்கு 5லேர்ந்து 10 மில்லிமோல் வரைக்கும் நிக்கும், ஆனா அதே நேரத்துல சர்க்கரையும் அமினோ அமிலமும் சோடியத்த இழுத்துக்கிட்டு உள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அதனால கணக்கு உறிஞ்சற பக்கமே நிக்குது.

இத நான் புத்தகத்துல மட்டும் படிச்சு சொல்லல. 90களோட கடைசில இங்க ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல லேப் ஆபீசரா இருந்தேன், வந்த புதுசுல என்கிட்ட குடுத்த முதல் வேலையே எலியோட குடலத் திருப்பறது. சிரிக்காதீங்க, அதுக்கு 1954லேர்ந்தே பேர் உள்ள முறை இருக்கு, வில்சனும் வைஸ்மனும் கொண்டுவந்தது. சிறுகுடல்ல ஒரு விரல் நீளம் வெட்டி, குளிர்ந்த உப்புத் தண்ணில அலசி, மெல்லிசா ஒரு கண்ணாடிக் குச்சிய ஒரு முனைல கட்டி உள்ள தள்ளிக்கிட்டே வந்தா சட்டைக் கை திரும்பற மாதிரி உள்பக்கம் வெளிய வந்துடும். எங்கம்மா ஆட்டுக்குடல் சுத்தம் பண்ணும்போது ஈர்க்குச்சில அதேதான் பண்ணுவாங்க, நான் முதல் நாளே சரியா திருப்பினதப் பாத்து அங்க உள்ள சீனப் பொண்ணு எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டா, வீட்டு அடுப்படிலன்னு சொன்னேன். அப்புறம் ஒரு முனைய நூல்ல கட்டி, உள்ள கொஞ்சமா உப்புக்கரைசல் விட்டு, மறு முனையையும் கட்டி, தராசுல எடை பாத்து, 37 டிகிரில குளுக்கோஸ் போட்ட கரைசல்ல மிதக்க விட்டு, ஆக்ஸிஜன் குமிழ் விட்டுக்கிட்டே இருக்கணும். இப்ப உறிஞ்சற பக்கம் வெளிய இருக்கா, அது வெளில உள்ள தண்ணிய இழுத்து உள்ள விடும். அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா கொழுக்கட்டை மாதிரி விறைப்பா உப்பியிருக்கும், எடை கூடியிருக்கும்.

அதே கரைசல்ல, எதுவும் கோக்காத வெறும் டீஆக்ஸிகோலேட், லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமோல் கணக்குதான், கலந்து பாத்தா பை உப்பாது. தொளதொளன்னு கிடக்கும். இன்னும் கொஞ்சம் கூட்டினா வெளில உள்ள கரைசல் கலங்கிடும், வழவழன்னு சளி பிரிஞ்சு வரும். எனக்கு அங்க இருந்த பெரியவர் சொன்னது இன்னும் காதுல நிக்குது, கலங்கினா அந்த பையத் தூக்கிப் போடு, அது கதவ மூடினது இல்ல, வீட்டையே இடிச்சது. இது முக்கியமான விஷயம், பழைய பரிசோதனைகள் பலதுல பித்த அமிலம் உறிஞ்சறதத் தடுக்குதுன்னு சொன்னதுல எவ்ளோ பங்கு உண்மையான கட்டுப்பாடு, எவ்ளோ பங்கு வெறும் சேதம்னு பிரிச்சுப் பாக்க ரொம்ப பாடுபட்டாங்க. நான் டாரோகோலேட் போட்டுப் பாத்தப்போ, மூணு ஓஎச், மேல டாரினும் கோத்தது, அதே அளவுல பைக்கு ஒண்ணும் ஆகல, வழக்கம்போல உப்பிடுச்சு.

மனுஷங்க மேலயும் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஆலன் ஹாஃப்மனும் சிட்னி ஃபிலிப்ஸும் இருந்த குழு 1970களோட தொடக்கத்துல இந்த வேலையத்தான் பண்ணுச்சு. ஆரோக்கியமான ஆளுங்க மெல்லிசா பல துவாரம் உள்ள குழாய விழுங்கணும், குடலோட ஒரு பகுதிக்குள்ள மேலேர்ந்து கரைசல விட்டு, கீழேர்ந்து இழுத்து, நடுவுல எவ்ளோ தண்ணி காணாம போச்சு எவ்ளோ கூடிச்சுன்னு கணக்குப் போடணும். குடல் உறிஞ்சாத ஒரு பொருளையும் கரைசல்ல கலந்து விட்டுடுவாங்க, அது அடர்த்தி ஆனா தண்ணி உள்ள போயிருக்கு, நீர்த்துப் போனா குடல் தண்ணி கக்கியிருக்கு. 1971ல பெருங்குடல், 1973ல சிறுகுடலோட மேல்பகுதி. ரெண்டு ஓஎச் உள்ளது போனா ரெண்டு இடத்துலயும் தண்ணி இழுக்கறது படுத்துடுது. பெருங்குடல்ல லிட்டருக்கு 3, 5 மில்லிமோலத் தாண்டினா உறிஞ்சறது நின்னு போய் தண்ணிய வெளிய தள்ளவே ஆரம்பிச்சிடுது.

3 மில்லிமோல்ங்கறத லேசா விட்டுடாதீங்க. குடல்ல உள்ள திரவத்துல கரைஞ்சிருக்கற எல்லாத்தையும் சேர்த்தா லிட்டருக்கு 300 மில்லிமோல் பக்கம் வரும். அதுல 3ங்கறது கடல்ல கரைச்ச பெருங்காயம். அதனால பித்த அமிலம் பேதி உப்பு மாதிரி தன் பக்கம் தண்ணிய இழுத்து வச்சுக்குதுன்னு சில பேர் எழுதறது சரியில்ல, கணக்கு இடிக்குது. அது செல்லுக்கு தகவல் குடுக்குது. செல்லுக்குள்ள சேதி கொண்டு போற கால்சியமும் சைக்ளிக் ஏஎம்பியும் ஏறுது, என்எச்இ3 கதவு அடங்குது, குளோரைடு வாசல் திறக்குது, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல உள்ள இறுக்கமும் தளருது, குடல்ல உள்ள நரம்பும் கிளம்பி பெருங்குடல் வேகமா உதைக்க ஆரம்பிக்குது. அதனாலதான் அம்மாவுக்கு தண்ணியா போறது மட்டும் இல்லாம அவசரமும் சேர்ந்து வருது.

ஓஎச் எத்தனைங்கறது மட்டும் இல்ல, எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்கறதும் முக்கியம். கீனோவோட ஏழாவது இடத்துல உள்ள ஓஎச்ச மட்டும் மறுபக்கம் திருப்பினா அது உர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம், கரடிப் பித்தத்துல அதிகம் உள்ளதால அந்தப் பேர். ரெண்டுலயும் ஓஎச் ரெண்டுதான், எடையும் ஒண்ணுதான், ஆனா உர்சோ குடலத் தண்ணி கக்க வைக்காது. இது வெறும் வேதியியல் வேடிக்கை இல்ல. 1970கள்ல பித்தக்கல்லக் கரைக்க கீனோவ மாத்திரையாவே குடுத்தாங்க, கல்லு சில பேருக்கு கரைஞ்சது, ஆனா பேதி தாங்காம அளவக் கூட்ட முடியல, அப்புறம் உர்சோ வந்து அந்த இடத்தப் புடிச்சிக்கிச்சு.

நம்ம வீட்டுப் பொருள் ஒண்ணு இதே வேலையப் பண்ணுது தெரியுமா, விளக்கெண்ணெய். சின்ன வயசுல மாசாமாசம் மூக்கப் புடிச்சு வாய்ல ஊத்தின தலைமுறை நாங்க. அந்த எண்ணெயில பெரும்பங்கு ரிசினோலிக் அமிலம், நீளமான கொழுப்பு அமிலத்துல நடுவுல ஒரு ஓஎச் தொங்கும். கொழுப்புப் பிடிக்கிற உடம்பு, நடுவுல தண்ணிக்கு ஏத்த ஒரு ஓஎச், அப்படிப்பட்ட மூலக்கூறு குடல் சுவர்கிட்ட தனியா நின்னா தண்ணி உறிஞ்சறது நிக்கும். விளக்கெண்ணெயும் பித்த அமிலமும் செல்லுல பிடிக்கிற இடம் வேற வேற, ஆனா முடிவு ஒண்ணா இருக்கறது தற்செயல் இல்லன்னுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இவ்ளோ வம்பு புடிச்ச சரக்க உடம்பு எப்படி சமாளிக்குது? சிறுகுடலோட கடைசிப் பகுதி, இலியம், அதோட கடைசி ஒரு மீட்டர் போல. கிட்டத்தட்ட மொத்தத்தையும் அங்கயே புடிச்சு ரத்தத்துல ஏத்தி கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிடும். 1961ல லாக்கும் வைனரும் அதே திருப்பின குடல் பைய வச்சுத்தான் காட்டினாங்க, மேல்பகுதிப் பை சும்மா இருக்கும், இலியத்துப் பை மட்டும் பித்த உப்ப அடர்த்திக்கு எதிராவே உள்ள இழுக்கும். அந்தக் கதவுக்கு இப்ப ஏஎஸ்பிடின்னு பேரு. உடம்புல மொத்தமா இருக்கிற பித்த அமிலமே 2லேர்ந்து 4 கிராம்தான், ஆனா அது ஒரு நாளைக்கு பல சுத்து சுத்தும், எம்ஆர்டி ரயிலோட வட்டப்பாதை மாதிரி, சாப்பிடும்போதெல்லாம் ரெண்டு மூணு தடவை. ஒவ்வொரு சுத்துலயும் 95 சதவீதம் திரும்பிடும், தப்பிக்கிறது நாள் முழுக்க அரை கிராம் போலத்தான், அத கல்லீரல் புதுசா செஞ்சு ஈடுகட்டிடும். இதுல எனக்குப் புடிச்ச விஷயம், இந்தக் கதவும் சோடியத்தோட கைகோத்தது, ஒரு பித்த அமிலத்துக்கு ரெண்டு சோடியம். அப்ப இலியத்துல பித்த அமிலம் உள்ள போறதே உப்ப கூட்டிக்கிட்டு போற வேலைதான். பெருங்குடல்ல போய் தண்ணிய வெளிய தள்ள வைக்கிற அதே பொருள் இங்க கொஞ்சம் தண்ணி உள்ள போக உதவுது. உங்க கேள்விக்கு ஒத்த வரில பதில் சொல்ல முடியாம நான் இழுக்கறது இதனாலதான்.

இலியம் இன்னொரு வேலையும் பண்ணும். பித்த அமிலம் போதுமான அளவு வந்தாச்சுன்னு கல்லீரலுக்கு ஒரு ஹார்மோன் வழியா சேதி அனுப்பும், எஃப்ஜிஎஃப்19. அது போய் சேர்ந்தா கல்லீரல் உற்பத்தியக் குறைக்கும். 2009ல லண்டன்ல ஜூலியன் வால்டர்ஸ் குழு, இலியத்துல ஒரு கோளாறும் தெரியாம பித்த அமிலப் பேதி வர்ற ஆளுங்க ரத்தத்துல இந்த ஹார்மோன் கம்மியா இருக்குன்னு காட்டினாங்க, அதாவது சேதி போகல, கல்லீரல் நிறுத்தாம ஊத்துது, இலியம் எவ்ளோதான் புடிக்கும். எரிச்சல் குடல்னு பேர் வச்சு வருஷக்கணக்கா அலையற பேதிக்காரங்கள்ல கால்வாசி, மூணுல ஒரு பங்கு வரைக்கும் உண்மைல இதுதான்னு இப்ப சொல்றாங்க.

இப்ப பெருங்குடல். சிறுகுடல் ஒரு லிட்டர் கம்மியா உறிஞ்சினா உடனே பேதி ஆயிடாதுமா. பெருங்குடலுக்கு கையிருப்பு ரொம்ப அதிகம், சாதாரணமா ஒன்றரை லிட்டர் வாங்கிக்கிற ஆளு, மெதுவா வந்தா நாலஞ்சு லிட்டர் வரைக்கும் தாங்கும். மேல வீட்டுத் தண்ணிக் குழாய் ஒழுகினாலும் கீழ உள்ள பெரிய தொட்டி சமாளிச்சிக்கும். ஆனா பித்த அமிலம் கீழ இறங்கினா அந்தத் தொட்டியவே ஓட்டை போட்டுடுது. அதுவும் அங்க பாக்டீரியா கூட்டம், முதல் காரியமா கோத்திருந்த கிளைசினையும் டாரினையும் அவுத்து விட்டுடும், லெசிதினும் கொழுப்பும் மேலயே செரிச்சு போயிடுச்சு, உருண்டைக்கு ஆள் இல்ல. சாதுவா இருந்த கோலிக்க டீஆக்ஸிகோலிக் ஆக்கிடும். கட்டியிருந்த நாய அவுத்து விட்ட கதைதான். பித்தம் தலைக்கு ஏறிடுச்சுன்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க, தலைக்கு ஏறினத நான் பாத்ததில்ல, கீழ இறங்கினா என்ன ஆகும்னு நல்லாவே தெரியும்.

அம்மாவுக்கு வருவோம். பித்தப்பைங்கறது ராத்திரி பூரா பித்தத்த வாங்கி, தண்ணிய வடிச்சு, அஞ்சு பத்து மடங்கு கெட்டியாக்கி வச்சிருந்து சாப்பிடும்போது ஊத்தற பை. அது இல்லன்னா கல்லீரல் செய்யறது செய்யச் செய்ய குடலுக்குள்ள சொட்டிக்கிட்டே இருக்கும், ராத்திரி முழுக்க. சுத்தும் கூடுது, ஒவ்வொரு சுத்துலயும் தப்பிக்கிற பங்கும் கூடுது. காலைல முதல் சாப்பாடு உள்ள போனதும் குடல் மொத்தமும் ஒரு உதை உதைக்கும், ராத்திரி சேர்ந்தது எல்லாம் கீழ கிளம்பிடும், அதனாலதான் அந்த பிராட்டா நேரம். பிராட்டாவுல உள்ள நெய்யும் எண்ணெயும் கல்லீரல இன்னும் ஊத்த வைக்கும். பித்தப்பை எடுத்தவங்க எல்லாருக்கும் இது வராது, பத்துல ஒருத்தர் மாதிரிதான், பல பேருக்கு சில மாசத்துல தானா அடங்கிடும், உங்க அம்மாவுக்கு வருஷம் ஆயும் அடங்கல.

நீங்க நர்சிங்னால ஒண்ணு சேர்த்து சொல்றேன், வார்டுல உதவும். கிரோன்னு சொல்ற குடல் அழற்சி நோய்க்கோ வேற எதுக்கோ இலியத்த வெட்டி எடுத்தவங்களுக்கு வெட்டின நீளம் முக்கியம். ஒரு மீட்டருக்குள்ளன்னா நான் மேல சொன்ன கதை, பொடி குடுத்தா நிக்கும். அதுக்கு மேல போச்சுன்னா கல்லீரல் எவ்ளோ செஞ்சாலும் ஈடு கட்டாது, பித்த அமிலமே பத்தாம போய் கொழுப்பு செரிக்காது, அந்தக் கொழுப்பு அமிலம் பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியா கைல ஓஎச் வாங்கிக்கிட்டு விளக்கெண்ணெய் வேலையப் பண்ணும். அவங்களுக்கு பொடி குடுத்தா இருக்கிற கொஞ்ச பித்த அமிலத்தையும் கட்டிப் போட்டு நிலைமை மோசமாகும், கொழுப்பக் குறைக்கறதுதான் வழி. ஹாஃப்மன் இந்தப் பிரிவ 1972லயே தெளிவா சொல்லிட்டார், ஆனாலும் நடைமுறைல எல்லாருக்கும் ஒரே பொடின்னு எழுதறத நான் பாத்திருக்கேன். சிறுகுடல்ல பாக்டீரியா அளவுக்கு மீறி வளர்ந்தவங்க கதை வேற, அங்க மேலயே கிளைசின் டாரின அவுத்துடும், அவுத்தது மேலயே சுவர் வழியா நழுவிடும், உருண்டை பத்தாது, கொழுப்பும் போகும் தண்ணியும் போகும். சிறுகுடல் நேரடியா அடி வாங்கறதுன்னு நீங்க கேட்டதுக்கு சரியான உதாரணம் அதுதான்.

மருந்துக் கம்பெனிங்க இதையே தலைகீழாவும் பயன்படுத்துது. ஏஎஸ்பிடி கதவ வேணும்னே அடைக்கிற எலோபிக்ஸிபாட்னு ஒரு மாத்திரை ஜப்பான்ல 2018லேர்ந்து மலச்சிக்கலுக்கு விக்குது, பித்த அமிலத்த வேணும்னே பெருங்குடலுக்கு அனுப்பி தண்ணி கக்க வைக்கறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடற நம்ம வீட்டு அங்கிள் ஆன்ட்டி எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த வயித்துப் போக்குக்கும், இலியத்துல பித்த அமிலம் உள்ள போறத அது குறைக்கறது ஒரு காரணம்னு சொல்றாங்க. அம்மாவுக்கு சர்க்கரை இருந்து மெட்ஃபார்மினும் ஓடுதுன்னா டாக்டர்கிட்ட அத கண்டிப்பா சொல்லுங்க.

அந்தப் பொடி, கொலஸ்டிரமின், ஒரு பாக்கெட் 4 கிராம். அது ரத்தத்துக்குள்ள போறதே இல்ல, குடல்லயே இருந்து பித்த அமிலத்த புடிச்சு ஒட்ட வச்சுக்கிட்டு மலத்தோட வெளிய போகும் ஒரு ரெசின், தண்ணி சுத்திகரிக்கிற ஃபில்டர்ல உள்ள மாதிரி. வாய்ல மணல் மாதிரி நரநரங்கும், ஆரஞ்சு ஜூஸ்லயோ சோயா பால்லயோ கலக்கி ரெண்டு நிமிஷம் விட்டுக் குடிச்சா பரவாயில்ல, பொடியா வாய்ல கொட்டக்கூடாது. முதல்ல குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கச் சொல்லுவாங்க, அதிகமானா எதிர்ப்பக்கம் போய் மலம் கட்டிடும். ரொம்ப நாள் எடுத்தா கொழுப்புல கரையற வைட்டமின்களும் குறையலாம். மலத்துல ரத்தம், எடை குறையறது, காய்ச்சல்னு ஏதாவது இருந்தா இது வெறும் பித்த அமிலம்னு உக்காந்திருக்காதீங்க, உடனே காட்டணும்.

ஆனா நான் உங்க கேள்விய படிச்சதும் நிமிர்ந்து உக்காந்தது பேதிக்காக இல்ல, அந்த தைராய்டு மாத்திரைக்காக. பொடிக்கு பித்த அமிலம், அந்த மாத்திரைல உள்ள தைராக்ஸின்னு பேதம் தெரியாது, கிட்ட வர்றத எல்லாம் புடிச்சுக்கும். ரெண்டையும் சேர்த்துக் குடிச்சா மாத்திரைல நல்ல பங்கு ரத்தத்துக்கே போகாம வெளிய போயிடும். ஆறு மாசம் கழிச்சு ரத்தப் பரிசோதனைல தைராய்டு கம்மின்னு வரும், டாக்டர் டோஸக் கூட்டுவார், அப்புறம் என்னைக்காவது பொடிய நிறுத்தினா கூட்டின டோஸ் மொத்தமும் ரத்தத்துல ஏறும், தைராய்டு அதிகமானா அதுவே பேதியக் கொண்டுவரும், திரும்ப பித்த அமிலம்னு பொடி. அதனால மாத்திரைய காலைல எழுந்ததும் வெறும் வயித்துல, பொடிய குறைஞ்சது நாலு மணி நேரம் தள்ளி. காலை நேரம்தான் தொந்தரவுன்னா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பொடி போட்டுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, ராத்திரி சொட்டறத அங்கயே புடிச்சு வச்சிடும். இவ்ளோ நாள் சேர்த்துக் குடிச்சதையும் மறைக்காம சொல்லி, தைராய்டு டெஸ்ட் ஒண்ணு இப்பவே எடுக்கச் சொல்லுங்கமா.